மறு: கால்சியம் கால்வாயின் ‘துணைத் துணையலகு’ – மாற்றுச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். கால்சியம் கால்வாய் என்பது செல்சவ்வில் கால்சியம் அயனியை உள்ளே விடும் புரதத் திரள். அதன் ‘subunit’-ஐத் ‘துணையலகு’ என்றும், ‘auxiliary subunit’-ஐத் ‘துணைத் துணையலகு’ என்றும் எழுதி வருகிறோம்; இதற்கு மாற்று என்ன என்பதே கேள்வி. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல புரதங்கள் சேர்ந்த திரளில் ஒவ்வோர் உறுப்பும் ‘கூறு’. அயனி கடக்கும் துளையை அமைப்பது ‘துளைக்கூறு’. அதோடு சேர்ந்து நின்று, அது சவ்வுக்கு வருவதையும் திறப்பதையும் ஆள்பவை ‘துணைக்கூறுகள்’. ‘துணையலகு’ என்ற சொல்லை இந்த இடத்தில் கைவிட்டுவிடலாம்.

சிக்கல் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். ஒரு திரளின் பகுதி என்பதைச் சொல்வதற்கே ‘துணை’யைச் செலவழித்துவிட்டோம். உண்மையிலேயே துணையாக நிற்கும் பகுதிக்குப் பெயர் வைக்க வரும்போது கையில் சொல் இல்லை. ‘துணைத் துணையலகு’ என்று எழுத வேண்டியதாகிறது. இன்னொரு பக்கம், கால்வாயின் உயிர்நாடியான துளையை அமைக்கும் புரதத்தை ‘முதன்மைத் துணையலகு’ என்கிறோம். முதன்மை என்ற சொல்லும் துணை என்ற சொல்லும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ‘உப அலகு’ என்று மாற்றினாலும் தீராது. ‘உப’வும் அதே பொருள்தான், வடமொழியில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஹார்மோன் சுரக்கும் செல்லில் என்ன நடக்கிறது என்பதை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால், எந்தச் சொல் நிற்கும், எது விழும் என்பது தெளிவாகும். ஓய்வு நிலையில் செல்லுக்குள் கட்டில்லாத கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். வெளியே 1 மில்லிமோலாருக்குச் சற்று மேல். பத்தாயிரம் மடங்குக்கும் மேலான வேறுபாடு. வழி கிடைத்தால் கால்சியம் உள்ளே பாயும். கணையத்தின் இன்சுலின் செல்லில் குளுக்கோஸ் எரிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பெருகும்போது, ஏடிபிக்கு இசையும் பொட்டாசியம் கால்வாய்கள் மூடுகின்றன. சவ்வின் மின்னழுத்தம் ஏறுகிறது, கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. பாய்ந்த கால்சியம், இன்சுலின் நிறைந்த நுண்பைகளைச் செல்சவ்வோடு ஒன்றவைத்து உள்ளிருப்பதை வெளியே கொட்டச் செய்கிறது. அட்ரினல் அகணியின் குரோமாஃபின் செல்கள் அட்ரினலினை வெளியிடுவதும், பிட்யூட்டரி முன்மடலின் செல்கள் புரோலாக்டினை வெளியிடுவதும் கால்சியத்தின் இதே கடைசித் தூண்டலால்தான்.

ஆக, எவ்வளவு ஹார்மோன் வெளியே போகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை மூன்று: சவ்வில் எத்தனை கால்வாய்கள் நிற்கின்றன, எந்த மின்னழுத்தத்தில் திறக்கின்றன, திறந்தபின் எவ்வளவு நேரம் தாங்குகின்றன. இந்த மூன்றிலும் கைவைப்பவைதாம் நாம் பெயர் தேடும் புரதங்கள். அதனால்தான் சொல் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீரிழிவைப் பற்றித் தமிழில் ஆழமாக எழுத முனையும் எவரும் ஒருநாள் இந்தச் சொல்லில் வந்து முட்டுவார்.

துளைக்கூறு என்று நான் சொல்வது ஆல்பா-1 என்ற நீண்ட ஒற்றைச் சங்கிலி. ஒன்றையொன்று ஒத்த நான்கு பகுதிகள் அதில் உண்டு. ஒவ்வொன்றும் சவ்வை ஆறு முறை கடக்கிறது. நான்கும் வட்டமாக நின்று நடுவே துளையை அமைக்கின்றன. பெரும்பாலான வகைகளில் துளையின் ஒடுங்கிய இடத்தில் பகுதிக்கு ஒன்றாக நான்கு குளூட்டமேட்டுகள் (ஒருவகை அமினோ அமிலம்) நின்று கால்சியத்தை மட்டும் பொறுக்கி விடுகின்றன. மின்னழுத்தத்தை உணரும் பகுதியும் இதிலேயே இருக்கிறது. நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் பற்றுவதும் இதைத்தான். பாலூட்டிகளில் இதற்குப் பத்து மரபணுக்கள் இருக்கின்றன. எல் வகை, பி/க்யூ வகை, என் வகை, ஆர் வகை, டி வகை என்று நாம் பிரிப்பதெல்லாம் எந்த ஆல்பா-1 என்பதை வைத்துத்தான்.

மற்றக் கூறுகளின் கிரேக்க எழுத்துப் பெயர்கள் 1980-களில் வந்தவை. எலும்புத்தசையிலிருந்து கால்வாயைத் தூய்மைப்படுத்திக் களிமத்தில் மின்சாரம் செலுத்தி ஓட்டியபோது புரதங்கள் அளவுவாரியாகப் பல பட்டைகளாகப் பிரிந்தன. பீட்டா ஏறத்தாழ 54 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), காமா 30, டெல்டா இன்னும் சிறியது. அளவை வைத்து எழுத்து ஒட்டினார்கள், வேலை அப்போது தெரியாது. 1989 வாக்கில் ஆல்பா-1-இன் மரபணுவை மட்டும் வேறு செல்களில் இயக்கிப் பார்த்தபோது கால்சியம் மின்னோட்டம் கிடைத்தது. அதனால் மற்றவை கூடுதல் உறுப்புகள் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. பீட்டாவைச் சேர்த்தால் அதே மின்னோட்டம் பல மடங்கு பெருகுகிறது என்பது பின்னால் தெரிந்தாலும், பெயரில் படிந்த அந்தத் தாழ்வு இன்னும் போகவில்லை. தமிழில் புதிதாகச் சொல் ஆக்கும் நமக்கு அதைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

> துணை என்றாலே இரண்டாம்பட்சம் என்று ஆகிவிடாதா ஐயா? இவை இல்லாவிட்டால் கால்வாய் ஒழுங்காக இயங்காது என்று நீங்களே எழுதினீர்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் ‘துணை’க்கு இரண்டு முகங்கள் உண்டு. ‘துணைத்தலைவர்’ என்பதில் அது அடுத்த படி. ‘வாழ்க்கைத்துணை’, ‘வழித்துணை’ என்பவற்றில் அது உடன் நிற்பது. அங்கே தாழ்வு இல்லை, அது இல்லாமல் பயணம் நடக்காது என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. பீட்டாக் கூறு செய்யும் முதல் வேலை அந்த வழித்துணைதான். பீட்டா பற்றாத துளைக்கூறு, அது உருவாகும் இடமான எண்டோபிளாச வலையிலேயே தேங்குகிறது. சிதைக்க வேண்டியது என்று குறிக்கும் யுபிக்விட்டின் முத்திரை விழுகிறது, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடுகிறது. பீட்டா பற்றியது சிதையாமல் சவ்வுக்கு வந்து சேர்கிறது. எல் வகையிலும் என் வகையிலும் இதை 2011-இல் காட்டினார்கள்.

இரண்டாவது வேலை இன்னும் அழகானது. இதில் சற்று நின்று போக விரும்புகிறேன். பீட்டா செல்லின் உட்புறத்தில் இருக்கிறது, சவ்வைக் கடப்பதில்லை. துளைக்கூறின் முதல் இரண்டு பகுதிகளை இணைக்கும் உட்புறச் சங்கிலியில் 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைத்தான் அது பற்றுகிறது. அந்தத் துண்டை 1994-இல் அடையாளம் கண்டார்கள். பிடி எப்படிப்பட்டது என்பது 2004-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்ட படிகக் கட்டமைப்புகளில் வெளிப்பட்டது. பீட்டாவில் குவானிலேட் கைனேஸ் நொதியைப் போன்ற ஒரு பகுதி உண்டு, நொதி வேலை எதுவும் செய்யாது. அதில் ஒரு பள்ளம். துளைக்கூறின் அந்தத் துண்டு திருகுசுருளாகி அந்தப் பள்ளத்தில் ஆழப் படிந்திருக்கிறது. பிடி விழுந்ததும் அங்கிருந்து முதல் பகுதியின் கடைசித் தண்டு வரை, அதாவது துளையின் வாயிலில் நிற்கும் தண்டு வரை, சங்கிலி முழுவதும் விறைத்த சுருளாகிறது. பீட்டாவின் அசைவு அதன் வழியே வாயிலுக்குப் போய்ச் சேருகிறது. இடையில் நெகிழ்வான கிளைசின்களைச் செருகிச் சுருளைக் குலைத்துப் பார்த்தார்கள். பிடி அப்படியே இருக்கிறது, கால்வாய் சவ்வுக்கும் வருகிறது, வாயில் மீது பீட்டாவுக்கு இருந்த ஆட்சி மட்டும் போய்விடுகிறது. கூட்டி வருவது ஒரு வேலை, வாயிலை ஆள்வது வேறொரு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பீட்டா சேர்ந்த கால்வாய், ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் முன்னதாகவே திறக்கத் தொடங்குகிறது. எவ்வளவு விரைவில் முடங்குகிறது (அதாவது, மின்னழுத்தம் ஏறியே இருந்தும் கடத்துவதை நிறுத்துகிறது) என்பது எந்தப் பீட்டா என்பதைப் பொறுத்தது. பீட்டா-3 முடக்கத்தை விரைவுபடுத்துகிறது. பீட்டா-2ஏ என்ற வடிவத்தில் பால்மிட்டிக் அமிலம் ஒட்டியிருப்பதால் அது சவ்வோடு நங்கூரமிட்டு, முடக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. கணையத் தீவுகளில் பீட்டா-2, பீட்டா-3 இரண்டுமே உள்ளன. ஒரே துளைக்கூறு, உடன் வந்த துணைக்கூறு மாறினால் அது விடும் கால்சியத்தின் அளவே மாறும்.

> ‘ஒழுங்காக்கும் கூறு’ என்றால் படிப்பவருக்கு நேரடியாகப் புரியுமே. அவைதாமே கால்வாயை ஒழுங்குபடுத்துகின்றன?

இதற்கு என்னால் இசைய முடியவில்லை. புரதக் கைனேஸ்-ஏ என்ற நொதியில் வினையூக்கும் கூறுகள் இரண்டு, அவற்றை அடக்கிவைக்கும் கூறுகள் இரண்டு. சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுமூலக்கூறு வந்து பற்றியதும் அடக்கும் கூறுகள் பிடியை விடுகின்றன. ‘ஒழுங்காக்கும் கூறு’ என்ற பெயர் அவற்றுக்கே உரியது. அந்த நொதி ஹார்மோன் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது, நம் கால்வாயையும் அதுவே பாஸ்பேட் ஏற்றி மாற்றுகிறது. ஒரே பத்தியில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் படிப்பவர் திணறிப்போவார். தவிர, கால்வாயை ஒழுங்குபடுத்துபவை வேறு பலவும் உள்ளன. கால்சியத்தைப் பற்றும் கால்மாடுலின் என்ற புரதம் ஒன்று. ஜெம், ரெம், ராட் என்ற சிறு ஜிடிபியேஸ் புரதங்கள் வேறு. இவை பீட்டாவைப் பற்றிக்கொண்டு கால்வாயைத் தடுக்கின்றன. இன்சுலின் சுரக்கும் செல்வகைகளில் ரெம்-2-ஐ மிகுதியாக்கினால், குளுக்கோஸ் தூண்டும் சுரப்பு குறைகிறது. இவற்றில் பல வந்து போகின்றவை. திரளில் நிலையாக அங்கம் வகிப்பதும் வந்து தொட்டுப் போவதும் வேறு வேறு என்பதை நம் சொல் காட்ட வேண்டும். ‘கூறு’ என்ற பின்பாதி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

> செயலால் பெயர் வைத்தால் சண்டை ஓயாது. இடத்தால் வைக்கலாம்: உள்ளே இருப்பது உட்கூறு, வெளியே இருப்பது புறக்கூறு.

‘உட்கூறு’ ஏற்கெனவே ஒரு பொருளின் உள்ளடக்கம் என்ற பொதுப்பொருளில் புழங்குகிறது, அதைத் திருப்பி வாங்க முடியாது. ஆனால் இடத்தைச் சொல்லும் இந்த யோசனை ஆல்பா-2-டெல்டாவைப் பற்றி எழுதும்போது உண்மையிலேயே கைகொடுக்கிறது. இது முழுக்க வெளிப்புறத்தில் நிற்கும் புரதம். ஒரே மரபணு, ஒரே சங்கிலியாகப் பிறக்கிறது. பிறகு ஆல்பா-2, டெல்டா என்று வெட்டுப்படுகிறது, வெட்டுண்ட இரண்டும் கந்தகப் பிணைப்புகளால் மீண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே எழுத்து இரண்டானாலும் அது ஒரே துணைக்கூறு, இதைக் கலைச்சொல் பட்டியலில் குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும். டெல்டா சவ்வை ஊடுருவி நிற்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். சவ்வின் வெளி அடுக்கில் ஒரு கொழுப்பு நங்கூரத்தால் தொங்குகிறது என்று 2010-இல் காட்டப்பட்டது. இடத்தை வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் அன்று பெயரையும் மாற்ற வேண்டி வந்திருக்கும்.

இந்தத் துணைக்கூறு கால்வாய்களைச் சவ்வில் பெருக்குகிறது. எலிகளில் ஆல்பா-2-டெல்டா-1-ஐ நீக்கியபோது இன்சுலின் செல்களின் கால்சியம் மின்னோட்டம் குறைந்தது, இன்சுலின் வெளியீடு தளர்ந்தது, நீரிழிவுக்கு ஆளாகும் போக்கு கூடியது, அதிலும் ஆண் எலிகளில் மிகுதியாக. துளைக்கூறின் மரபணுவைத் தொடவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் துளையைத் தொடாமல் இந்தத் துணைக்கூறினையே பற்றுகின்றன.

இன்சுலின் செல்லிலேயே இதற்கு இணையான இன்னொன்றும் உண்டு, அதையும் நம் சொல் தாங்க வேண்டும். மேலே சொன்ன பொட்டாசியம் கால்வாயில் நான்கு துளைக்கூறுகள், அவற்றைச் சுற்றி நான்கு துணைக்கூறுகள், மொத்தம் எட்டு. கிளிபென்கிளமைடு முதலான சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பற்றுவது சுற்றி நிற்கும் துணைக்கூறினைத்தான். துளையும் துணையும் என்ற இந்த இணை, கால்சியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ஒரே சீராகப் பொருந்திவருகிறது. நான் இந்தச் சொற்களின் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணமே இதுதான்.

> கணையத்தில் பீட்டா செல், அதற்குள் கால்வாயின் பீட்டா, அதைத் தடுக்க வரும் ஜி புரதத்திலும் ஒரு பீட்டா. மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

இந்த இழையில் வந்த மிகப் பயனுள்ள கேள்வி இது என்பேன். செல்லைப் பற்றிப் பேசும்போது ‘இன்சுலின் செல்’ என்று எழுதிவிடலாம், பொருள் எதுவும் குறையாது. கால்வாயினுடையதை ‘பீட்டாத் துணைக்கூறு’ என்று முழுமையாக எழுத வேண்டும். ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தினுடையது ‘ஜி-பீட்டா-காமா’. அது தனியே ஒரு திரளின் கூறு, இந்தக் கால்வாய்க்குத் துணை அல்ல. குரோமாஃபின் செல்லில் இந்த வேறுபாடு இல்லாமல் ஒரு வரியும் எழுத முடியாது. அங்கே அட்ரினலின் இருக்கும் அதே நுண்பையிலிருந்து ஏடிபியும் வெளியாகிறது. அந்த ஏடிபி திரும்பி வந்து அதே செல்லின் ஏற்பியைத் தொடுகிறது. ஜி-பீட்டா-காமா விடுபட்டு என் வகை, பி/க்யூ வகைக் கால்வாய்களைத் தடுக்கிறது. செல் தன் சுரப்பைத் தானே அடக்கிக்கொள்கிறது. வலுவான மின்தூண்டல் வந்தால் அந்தத் தடை தற்காலிகமாக விலகும். அப்படி விலகுவதற்கு, கால்வாயின் பீட்டாத் துணைக்கூறு பற்றியிருக்க வேண்டும். ஒரு பீட்டா தடுக்கிறது, மற்றொரு பீட்டா இருந்தால்தான் அந்தத் தடை நெகிழ்கிறது. பெயர் தெளிவாக இல்லாவிட்டால் இந்த அருமையான பொறியமைப்பு வெறும் எழுத்துக் குழப்பமாகப் படும்.

என் பரிந்துரைக்கு எதிரான வலுவான வாதம் ஒன்றை யாரும் எழுப்பவில்லை, நானே வைக்கிறேன். ‘துணை’ என்றால் கால்வாய்க்கு எப்போதும் கைகொடுப்பது என்ற எண்ணம் வரும். பீட்டா-3 அந்த எண்ணத்துக்குள் அடங்காது. 2004-இல் வெளியான ஆய்வில், பீட்டா-3 இல்லாத எலிகளின் இன்சுலின் செல்களில் கால்சியம் மின்னோட்டம் மாறவில்லை. ஆனாலும் குளுக்கோஸ் கொடுத்தபோது அவை கூடுதலாக இன்சுலின் சுரந்தன, இரத்தச் சர்க்கரையை இன்னும் நன்றாகச் சமாளித்தன. காரணம், செல்லுக்குள் சேமிப்பிலிருந்து ஐபி-3 என்ற தூதுமூலக்கூறு விடுவிக்கும் கால்சியத்தைப் பீட்டா-3 மட்டுப்படுத்தி வந்திருக்கிறது. அது நீங்கியதும் கால்சிய அலைகள் விரைவாக எழுந்தன. கால்வாயின் துணையாக அறியப்பட்ட புரதம், கால்வாய்க்கு வெளியே வேறு வேலை பார்த்துச் சுரப்பை அடக்கி வைத்திருந்தது.

இதற்காகச் சொல்லை மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். ‘துணைக்கூறு’ என்பது ஒரு திரளில் அதற்குள்ள இடத்தைச் சொல்கிறது. அந்தப் புரதத்தின் வாழ்வு முழுவதையும் சொல்வதாக அது உரிமை கோரவில்லை. ஆனால் விளக்கக் குறிப்பில் ‘துளைக்கூறுக்கு உதவுவது’ என்று எழுதக் கூடாது. ‘துளைக்கூறோடு நிலையாகச் சேர்ந்து நின்று, அதன் சவ்வு வரவையோ வாயிலியக்கத்தையோ மாற்றும் கூறு’ என்று எழுதலாம். ‘மாற்றும்’ என்ற சொல் கூட்டுவதையும் குறைப்பதையும் ஒருசேர ஏற்கும்.

டி வகைக் கால்வாய்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவற்றின் துளைக்கூறு தனியாகவே சவ்வுக்கு வந்து இயங்கக்கூடியது, பீட்டா பற்றும் அந்தத் துண்டும் அதில் இல்லை. அல்டோஸ்டீரோன் சுரக்கும் அட்ரினல் புறணிச் செல்களில் இந்த வகைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ‘துளைக்கூறு’ மட்டும் போதும். காமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலும்புத்தசைக் கால்வாயில் அதன் இடம் உறுதி, அந்தக் குடும்பத்தில் பிறந்த சில புரதங்கள் மூளையில் குளூட்டமேட் ஏற்பிகளுக்குத் துணைக்கூறுகளாக இருக்கின்றன.

> ‘கூறு’ வேற்றுமை ஏற்றால் ‘கூற்று’ ஆகும். கூற்று என்றால் பேச்சு, கூற்றுவன் என்றும் தோன்றும். ‘கூறை’ என்றால் கூரைப் புல்லும் புடவையும் நினைவுக்கு வரும்.

அம்மா சொல்வது சரி. அதனால்தான் இந்த மடலில் பெரும்பாலும் ‘இன்’ சாரியை சேர்த்து ‘கூறின்’, ‘கூறினை’, ‘கூறில்’ என்றே எழுதிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எங்கும் இடறவில்லை. பன்மையில் ‘கூறுகள்’, ‘கூறுகளை’ என்று வந்துவிடுவதால் சிக்கலே இல்லை. படித்தபோது உங்களுக்கு இடறிய வரி இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், மாற்று தேடலாம்.

ஒன்று இன்னும் தீராமல் நிற்கிறது. மேலே ‘முடக்கம்’ என்று எழுதினேன். கால்வாய் மூடியிருப்பது ஒரு நிலை: மின்னழுத்தம் ஏறினால் திறக்கும். முடங்கியிருப்பது வேறொரு நிலை: மின்னழுத்தம் ஏறியே இருந்தாலும் கடத்தாது, அழுத்தம் இறங்கி ஓய்ந்த பிறகே மீளும். இந்த இரண்டாம் நிலைக்கு ‘செயலிழப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். மரபணுப் பிழையால் கால்வாய் நிரந்தரமாகக் கெட்டுப்போவதற்கும் அதே சொல் வருவதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘முடக்கம்’ மீளக்கூடியது என்ற தொனியைத் தருகிறதா, அல்லது அதுவும் நிரந்தரம் போல் ஒலிக்கிறதா? நரம்பு, இதயம் பற்றி எழுதுகிறவர்கள் சோடியம் கால்வாய்க்கு இதை எப்படி எழுதுகிறீர்கள் என்று சொன்னால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.